மண்ணுக்குள் ஒரு படை, மண்மேல் ஒரு சபை

1974 மார்ச் மாதம், சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் லின்தோங் பக்கத்து விவசாயிகள் சிலர் கிணறு வெட்ட இறங்கினார்கள். தண்ணீர் வரவில்லை. சுட்ட களிமண்ணில் செய்த மனித உடல் துண்டுகளும் வெண்கல அம்பு முனைகளும் வந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1979இல், அந்த இடத்தின் மேல் ரயில் நிலையக் கூரை போல ஒன்றைப் போட்டு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு ஷியான் நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் அந்தச் சுடுமண் வீரர்களைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் அநேகமாக இல்லை. கூட்டத்தில் முண்டியடித்து, கம்பித் தடுப்பை எட்டிப் பிடித்து, கைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் படை யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான் செய்து வைக்கப்பட்டது.

சீனப் பேரரசர்களின் கல்லறைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் குழப்பம் தீரும். அங்கே சிலைகள் இரண்டு ரகம். ஒன்று, இறந்தவருக்குத் துணையாக மண்ணுக்குள் புதைத்தது. மற்றது, உயிரோடு இருப்பவர்கள் பார்த்து மிரளட்டும் என்று மண்மேல் நிறுத்தியது. முதல் ரகத்துக்கு உலகப் புகழ் வந்துவிட்டது. இரண்டாவது ரகம் கோதுமை வயலிலும் மலைச்சரிவிலும் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. என்னைக் கேட்டால், நிதானமாக நடந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலில் மண்ணுக்குள் இருப்பதைப் பார்த்துவிடுவோம். சின் ஷி ஹுவாங் 13 வயதில், கி.மு. 246இல், சின் நாட்டின் அரியணை ஏறினார். கி.மு. 221இல் மற்ற நாடுகளையெல்லாம் வென்று சீனாவின் முதல் பேரரசர் ஆனார். கி.மு. 210இல் இறந்தார். அவர் கல்லறைக்காக ஏழு லட்சம் பேர் உழைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதுகிறார். அவர் எழுதியது சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து. பாதரசத்தில் ஓடும் ஆறுகள், திருடன் நுழைந்தால் தானாக அம்பு எய்யும் பொறிகள், பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களை உடன் புதைத்தது, ரகசியம் வெளியே போகாமலிருக்க வேலையாட்களை உள்ளேயே வைத்து அடைத்தது என எல்லாவற்றையும் சொல்கிறார். களிமண் படையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு கச்சிதமாக மூடியிருக்கிறார்கள். ஐந்து மீட்டர் ஆழக் குழி, அதில் மண் சுவர்களுக்கு இடையே செங்கல் பாவிய தளம், மேலே மர உத்தரங்கள், அதன்மேல் பாய், அதற்கும் மேல் மண். மூடி முடித்த பிறகு வெளியே ஓர் அடையாளமும் இல்லை.

மூன்று குழிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 8,000 வீரர்கள் இருக்கலாம் என்பது கணக்கு. வெளியே எடுத்தது அதில் ஒரு பகுதிதான். சில சிலைகளின் மேல் செய்தவர் பெயர் முத்திரையாகவோ கீறலாகவோ இருக்கிறது. கலைஞனின் கையெழுத்து என்று நெகிழ்ந்துவிட வேண்டாம். வேலையில் பிசகு வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கான ஏற்பாடு அது.

ஏன் களிமண்? அதற்கு முந்தைய காலத்தில் அரசன் செத்தால் ஆட்களையே கூடப் புதைத்தார்கள். சின் நாட்டு அரசர் ஒருவரின் கல்லறையை ஷான்ஷியின் ஃபெங்ஷியாங்கில் தோண்டியபோது 186 பேரின் எச்சங்கள் கிடைத்தன. கி.மு. 384இல் சின் நாடு அந்தப் பழக்கத்துக்குத் தடை போட்டது. ஆளுக்குப் பதில் ஆள் உருவம் என்பது கேட்கக் கருணையாகத்தான் இருக்கிறது. கன்பூசியஸுக்கு அதுவும் பிடிக்கவில்லை. புதைப்பதற்காக மனித உருவத்தை முதலில் செய்தவனுக்கு வம்சமே இல்லாமல் போகட்டும் என்று அவர் சபித்ததாக, பின்னால் வந்த அவர் வழிச் சிந்தனையாளர் மென்சியஸ் சொல்கிறார். உருவத்தைப் புதைக்கப் பழகிய கை ஒருநாள் ஆளையே புதைக்கும் என்ற பயமாக இருக்கலாம். பயம் வீண் போகவில்லை, பின்னால் சொல்கிறேன்.

முதல் குழியில் அணிவகுத்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கிட்டத்தட்ட எல்லாமே நொறுங்கிய துண்டுகளாகக் கிடைத்து, பொறுக்கி ஒட்டி நிறுத்தியவை. கூரை எரிந்து மேலே சரிந்திருந்தது. குழியின் பின்பக்கம் போனால் இன்னும் ஒட்டப்படாத கைகால்களும், பாதி எழுந்து நிற்கும் உடல்களும் தெரியும். பலர் முன்வரிசையோடு திரும்பிவிடுகிறார்கள்; அந்தப் பின்பக்கம்தான் எனக்கு உண்மையான காட்சி. இன்னொன்று, இவர்கள் சாம்பல் நிறத்தில் பிறந்தவர்கள் அல்ல. இளஞ்சிவப்பு முகம், பச்சை, சிவப்பு, ஊதா உடை என்று ஒவ்வொருவருக்கும் வண்ணம் இருந்தது. வண்ணத்துக்கு அடியில் பூசிய அரக்கு, மண்ணுக்குள் ஈரத்திலேயே இரண்டாயிரம் ஆண்டு கிடந்தது. வெளிக்காற்று பட்டதும் சில நிமிடங்களில் சுருண்டு, வண்ணத்தையும் கூட்டிக்கொண்டு உதிர்ந்தது. மீதிக் குழியை அவசரப்பட்டுத் தோண்டாததற்கு இதுவும் ஒரு காரணம். பேரரசரின் சமாதி மேடோ அங்கிருந்து மேற்கே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, புல்லும் மரமுமாக, இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது. அங்கே போனால் பார்க்க ஒரு மேடுதான். இருந்தாலும் போகலாம்.

அடுத்து வந்த ஹான் பேரரசர்கள் அளவைக் குறைத்தார்கள். ஷியான் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் யாங்லிங் என்ற இடத்தில், கி.மு. 141இல் இறந்த ஜிங் பேரரசரின் குழிகளைக் கண்ணாடித் தரைக்கு அடியில் பார்க்கலாம். இரண்டடி உயரம்கூட இல்லாத ஆட்கள், கையில்லாமல், அம்மணமாக நிற்கிறார்கள். கை மரத்தில் செய்தது, உடை துணி, இரண்டும் மக்கிப்போயின. கூடவே ஆடு, பன்றி, நாய் எல்லாம் களிமண்ணில் வரிசை வரிசையாக. பாட்டன் படை கேட்டார் என்றால் பேரன் சமையலறைச் சாமான் கேட்டார் என்று தோன்றும். (இருவரும் வேறு வேறு வம்சம், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

சரி, மண்மேல் ஏறுவோம். கல்லறைக்கு மேலே கல் சிலை வைப்பதற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் முக்கியமானது ஒரு தளபதியின் சமாதி. ஷியோங்னு நாடோடிப் படைகளை விரட்டிய ஹுவோ சூபிங், கி.மு. 117இல் இருபதுகளின் தொடக்கத்திலேயே இறந்தார். வூ பேரரசர் தமது சமாதியான மாவ்லிங்குக்குப் பக்கத்திலேயே அவருக்கு மேடு எழுப்பி, பாறைகளை அதிகம் செதுக்காமல் மிருகங்களாக்கி வைத்தார். வில்லோடு மல்லாந்து கிடக்கும் எதிரியின் மேல் அசையாமல் நிற்கிறது ஒரு குதிரை. கத்தல் இல்லை, பாய்ச்சல் இல்லை. அந்த அமைதிதான் பயமுறுத்துகிறது.

ஆனால் அரசர் கல்லறைக்குச் சிலை வரிசை ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடை கி.பி. 58இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஹான் வம்சத்து மிங் பேரரசர், புத்தாண்டுச் சபையைத் தந்தையின் சமாதியில் கூட்டினார். அதுவரை முன்னோர் வழிபாடு நகரத்துக் கோயிலில் நடந்தது. இப்போது மந்திரிகள், அதிகாரிகள், வெளிநாட்டுத் தூதர்கள் எல்லோரும் சமாதிக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இறந்த அரசர் முன்னால் உயிருள்ள ஒரு தர்பார். சபை கலைந்த பிறகும் வரிசை கலையாமல் இருக்க வேண்டுமானால் கல்லில்தான் செய்ய வேண்டும். சமாதிக்குப் போகும் நேர்ப்பாதைக்கு ஷென்தாவ் என்று பெயர். ஆவி நடக்கும் வழி என்று சொல்லலாம். அதன் இருபுறமும் அதிகாரிகள், மிருகங்கள், தூண்கள் என்ற இலக்கணம் மெல்லப் படிந்தது. ஆள் சிலைகளை வெங்சோங் என்று அழைக்கிறார்கள். சின் ஷி ஹுவாங்கிடம் இருந்த ஒரு ராட்சத உருவத் தளபதியின் பெயராம் அது. வியட்நாம்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்கிறார்கள்.

இதன் முழு வளர்ச்சியை ஹெனானில் கோங்யி பக்கம் சோங் வம்சத்துச் சமாதிகளில் பார்க்கலாம். அங்கே யானையும் பாகனும், பரிசுப் பொருள் ஏந்திய தூதர்களுமாக எழுநூறுக்கு மேற்பட்ட சிலைகள். சோங் வழக்கப்படி அரசர் இறந்த பிறகுதான் வேலை தொடங்கும், ஏழு மாதத்துக்குள் அடக்கம் முடிய வேண்டும். அந்த அவசரத்தில் செய்த வேலையா இது என்று தோன்றும். வயலுக்கு நடுவே, கதிர் வளர்ந்த நாளில் இடுப்பளவு பயிருக்குள் மந்திரிகள் நிற்பார்கள்.

பெய்ஜிங் போகிறவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மிங் சமாதிகள். நகருக்கு வடமேற்கே சாங்பிங் மலையடிவாரத்தில் 13 பேரரசர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூவின் சமாதி மட்டும் தெற்கே நான்ஜிங்கில் இருக்கிறது. அங்கே ஷென்தாவ் நேராகப் போகாமல் ஒரு குன்றைச் சுற்றி வளைகிறது. அந்தக் குன்றில் மூன்று நாடுகள் காலத்து அரசன் சுன் சுவான் சமாதி உண்டு. அவனும் நல்ல ஆம்பளைதான், வாசலைக் காக்கட்டும் என்று ஹோங்வூ சொல்லிவிட்டாராம். கதையோ உண்மையோ, அந்த வளைவில் இலையுதிர் காலத்து மஞ்சள் இலைகளுக்கு நடுவே கல் யானைகளைப் பார்ப்பது சீனாவின் மிக அழகான நடைகளில் ஒன்று.

பெய்ஜிங்கில் ஷென்தாவ் ஏழு கிலோமீட்டர். 1540இல் எழுப்பிய கல் தோரணம், பெரிய சிவப்பு வாயில், அதன் பக்கத்தில் “அதிகாரிகள் இங்கே குதிரையை விட்டு இறங்கவும்” என்ற கல், அப்புறம் சிலைகள். 1435இல் நிறுத்தியவை மொத்தம் 36. சிங்கம், ஒட்டகம், யானை, குதிரை, இவற்றோடு இரண்டு கற்பனை மிருகங்கள். ஒன்று கிலின். இன்னொன்று ஷியெசி, வழக்கில் யார் குற்றவாளி என்று தானே கண்டுபிடித்து ஒற்றைக் கொம்பால் முட்டும் என்று நம்பப்பட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி நிற்கும், ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும். நள்ளிரவில் இடம் மாறிக்கொள்ளும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மிருகங்களைத் தாண்டினால் 12 மனிதர்கள்: படைத்தலைவர்கள், மந்திரிகள், நாட்டுக்குப் பெரிய சேவை செய்த பிரபுக்கள். எல்லோரும் கல் தரையைப் பார்ப்பது போல இமை தாழ்ந்து நிற்கிறார்கள். அரசர் வருகிறார் அல்லவா, நிமிர்ந்து பார்க்க முடியாது.

இந்தப் பாதை போய்ச் சேரும் சமாதி சாங்லிங். யோங்லே பேரரசருடையது. செங் ஹே என்ற கடற்படைத் தளபதியை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியவர் இவர்தான். நமக்கு இதில் ஒரு சொந்த விஷயம் உண்டு. சாங்லிங்கின் வேலை தொடங்கியது 1409. அதே 1409 தேதியிட்டு, அதே அரசர் பெயரில் ஒரு கல்வெட்டு சீனாவில் செதுக்கப்பட்டுக் கப்பலேறி இலங்கையின் காலிக்கு வந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகம் இஸ்லாமியருக்கு, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது இலங்கைத் தென்முனையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கு. 1911இல் காலியில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழில் கல்வெட்டு வெட்டச் சொன்ன சீனப் பேரரசரின் சமாதி முன்னால் நிற்கிறோம் என்பது அங்கே போகும் தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பெருமையோடேயே அடுத்த விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1424இல் யோங்லே இறந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட அந்தப்புரப் பெண்களைத் தூக்கில் தொங்கவிட்டு அவரோடு அனுப்பினார்கள். அவர்களில் கொரியாவிலிருந்து கொண்டுவந்த பெண்களும் இருந்ததால், கொரிய அரசவைப் பதிவேடு இதைக் குறித்து வைத்திருக்கிறது. பாதையில் கல் மந்திரிகளை நிறுத்திய அதே 1435இல் ஷுவாந்த பேரரசருக்காக இன்னும் பத்துப் பெண்கள். 1464இல் யிங்சோங் பேரரசர் சாகும்போது தன்னோடு இதை நிறுத்தச் சொன்னார், நின்றது. தடை போட்டு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் உருவங்கள் ஆட்களுக்கு முழு மாற்றாக ஆகவில்லை என்பதைக் கன்பூசியஸ் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

13 சமாதிகளில் உள்ளே இறங்கிப் பார்க்கக் கூடியது திங்லிங் ஒன்றுதான். 1620இல் இறந்த வான்லி பேரரசருடையது. வரலாற்றாசிரியரும் பெய்ஜிங் துணை மேயருமான வூ ஹான் வற்புறுத்தியதில் 1956இல் தோண்டத் தொடங்கினார்கள். தொல்லியல் அறிஞர் சியா நாய், நம்மிடம் அதற்கான வசதி இல்லை, வேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. கட்டுக்கட்டாகக் கிடைத்த பட்டு, வெளிக்காற்றில் நிறம் மங்கி விறைத்தது. மூலச் சவப்பெட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டு நகல் வைத்தார்கள். 1966 ஆகஸ்டில், கலாச்சாரப் புரட்சியில் மாவோவுக்காகக் கிளம்பிய இளைஞர் கூட்டமான செங்காவலர்கள் அரசரின் எலும்பையும் இரண்டு அரசிகளின் எலும்பையும் வெளியே கொண்டுவந்து அடித்து நொறுக்கித் தீ வைத்தார்கள். வூ ஹானும் அதே கலாச்சாரப் புரட்சியில் சிறைப்பட்டு 1969இல் இறந்தார். இன்று 27 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்தக் கல் மண்டபத்தில் சிவப்புச் சாயம் பூசிய காலிப் பெட்டிகளைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் காசும் நோட்டும் வீசிவிட்டுப் போகிறார்கள். மேலே வந்ததும் ஒரு கல் வாயிலில் உடம்பைத் தட்டிவிட்டு, “திரும்பி வந்துட்டேன்” என்று சொல்லிக் கடப்பது வழக்கம். செத்தவர் பக்கம் போனவர்கள் உயிரோடு இருப்பவர்கள் பக்கம் வந்துவிட்டதைச் சொல்லி வைக்க வேண்டுமாம்.

திங்லிங் கொடுத்த சூடு இன்றுவரை ஆறவில்லை. அரசர் சமாதிகளை வலியத் திறப்பதில்லை என்பது சீன அரசின் கொள்கையானது. அதனால் தப்பியதில் முதன்மையானது ஷியானுக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில், லியாங் மலையில் இருக்கும் சியன்லிங். தாங் வம்சத்து காவ்சோங் பேரரசரும் அவர் மனைவி வூ சேதியனும் அங்கே ஒன்றாக இருக்கிறார்கள். சீன வரலாற்றில் பேரரசர் பட்டத்தைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்ட ஒரே பெண் அவர். அதையும் திறக்க 1950களின் கடைசியில் திட்டம் போனது. பிரதமர் சூ என்லாய், வருங்காலத்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று திருப்பி அனுப்பினார்.

ஆகவே சியன்லிங்கில் பார்ப்பதற்கு மண்மேல் இருப்பது மட்டுமே. அது போதும். மலை மேல் ஏறும் அகலப் பாதையில் தூண்கள், இறக்கை வைத்த குதிரைகள், நெருப்புக்கோழி, கடிவாளம் பிடித்த குதிரைக்காரர்கள், வாளில் இரு கைகளையும் ஊன்றிய காவலர்கள். நெருப்புக்கோழிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். மேற்கத்திய நாடுகளிலிருந்து தாங் அவைக்குப் பரிசாக வந்த பறவை அது. எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் பணிந்து கொண்டுவந்தார்கள் பார் என்கிறது கல். மேலே போனால் 61 வெளிநாட்டுத் தலைவர்களும் தூதர்களும், கையை மார்புக்கு முன்னால் கூப்பியபடி இரண்டு கூட்டமாக நிற்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் தலை இல்லை. 1556இல் ஷான்ஷியை உலுக்கிய பெரும் பூகம்பத்தில் கழுத்து முறிந்தது என்பது ஒரு விளக்கம். விளைச்சலைக் கெடுக்கும் பேய்கள் என்று ஊர்க்காரர்களே உடைத்தார்கள் என்பது இன்னொன்று. முதுகில் நாடும் பதவியும் பெயரும் பொறித்திருந்தார்கள். இப்போது சிலவற்றைத்தான் படிக்க முடிகிறது.

இந்த ஏற்பாடு காவ்சோங்கின் தந்தை தைசோங்கிடமிருந்து வந்தது. அவருடைய சாவ்லிங் சமாதியில் 14 வேற்றுநாட்டு அரசர்களின் சிலைகள் நின்றன. அவர்களில் ஒருவர் இந்தியர். ஹர்ஷர் இறந்த பிறகு அவர் நாட்டில் அதிகாரத்தைப் பிடித்த அருணாசுவன் என்பவர், தாங் தூதர் வாங் சுவான்சவின் குழுவைத் தாக்கினார். தூதர் தப்பியோடி, திபெத், நேபாளப் படைகளைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்து, அவரைக் கைதியாகப் பிடித்து 648இல் தாங் தலைநகரான சாங்கானுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே தைசோங் இறந்தார். “பிராமணர் நாட்டு அரசர்” என்று அடையாளமிட்டு அருணாசுவனும் சமாதி வரிசையில் கல்லாக நின்றார். யுவான் சுவாங்கின் பயணத்தைப் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு இந்த மறுபக்கம் சொல்லப்படவே இல்லை. சிலை உடைந்துவிட்டது; பெயர் பொறித்த பீடம் அகழாய்வில் கிடைத்தது. அதே சமாதியில் இருந்த தைசோங்கின் ஆறு போர்க்குதிரைப் புடைப்புச் சிற்பங்களில் நான்கு ஷியானில் இருக்கின்றன, இரண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா போய்விட்டன.

மறுபடி சியன்லிங்குக்கு வருகிறேன், ஒரு கல் பாக்கி இருக்கிறது. பாதையின் ஒரு பக்கம் காவ்சோங்கின் புகழ் பாடும் கல்வெட்டு. பாடியவர் வூ சேதியன். எதிர்ப்பக்கம் அவருக்கான கல், ஏழரை மீட்டர் உயரம், உச்சியில் எட்டு டிராகன்கள் பின்னிக் கிடக்கின்றன, ஆனால் அவருக்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை. தன்னைப் பற்றிய தீர்ப்பைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிட்டார் என்று அழகாகச் சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கல்லின் முகத்தில் எழுத்துக்காகப் பொடிப்பொடிக் கட்டங்கள் கீறி வைத்திருக்கிறார்கள். எழுதத்தான் நினைத்தார்கள். அம்மாவிடமிருந்து அரியணையைத் திரும்பப் பெற்ற மகனுக்கு, புகழவும் முடியவில்லை, இகழவும் முடியவில்லை என்பதே பொருத்தமாகப் படுகிறது.

காலியாக இருந்த கல்லைப் பிறகு வந்தவர்கள் விடவில்லை. சோங் காலம் தொடங்கிப் போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் எழுதினார்கள். 1134இல் அங்கே வேட்டைக்கு வந்த ஜின் வம்சத்து இளவரசர் ஒருவர், சமாதி மண்டபங்கள் இடிந்து கிடப்பதைப் பார்த்து, பழுது பார்க்க உத்தரவிட்டுப் போனார். மறுபடி வந்து, வேலை முடிந்திருப்பதைக் கண்டு, உள்ளூர் அதிகாரிகளோடு விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். இதை அந்தக் கல்லிலேயே, கித்தான் என்ற வடக்கத்திய நாடோடி இனத்தின் எழுத்தில் வெட்டி, பக்கத்தில் சீன மொழிபெயர்ப்பும் வைத்தார். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் காலப்போக்கில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். இன்றைக்கு அதை மெல்ல மெல்லப் படித்தெடுக்க முயலும் அறிஞர்களுக்கு, இரு மொழியிலும் இருக்கும் அந்தச் சுற்றுலாக் குறிப்பு ஒரு முக்கியமான பிடி.